விண்கலப் பெட்டிக்குள் ஒரு துப்பாக்கி

ஓநாய்க்கும் கரடிக்கும் அஞ்சி சோயுஸ் விண்கலத்தில் மூன்று குழல் துப்பாக்கி வைத்தார்கள் ரஷ்யர்கள். 20 ஆண்டுகளுக்கு மேல் அது விண்ணுக்குப் போய்த் திரும்பியது. உயிர்காப்புப் பெட்டியில் எதற்கு இடம் கொடுக்க வேண்டும், எதற்குக் கொடுக்கக் கூடாது என்பதைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வரலாறு இல்லை.

1965 மார்ச் 19. ரஷ்யாவின் பெர்ம் பகுதி. யூரல் மலைத்தொடரை ஒட்டிய அடர்ந்த ஊசியிலைக் காட்டில், ஆளை விழுங்கும் பனிக்கு நடுவே, கருகிய உலோக உருண்டை ஒன்று வந்து விழுந்தது. உள்ளே இரண்டு பேர்: கலத்தின் தலைவர் பாவெல் பெல்யாயெவ், அவருடைய தோழர் அலெக்ஸி லியோனோவ். வோஸ்கோத்-2 கலத்திலிருந்து வெளியே வந்து, விண்வெளியில் மிதந்த முதல் மனிதர் என்ற பெயரை லியோனோவ் பெற்றது முந்தைய நாள்தான். 12 நிமிடம் 9 விநாடி அவர் கலத்துக்கு வெளியே இருந்தார். உலகம் அவரைக் கொண்டாடிக்கொண்டிருந்தது. அவர் எங்கே இறங்கினார் என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

கலத்தைத் தானாகவே திசை திருப்பும் கருவி பழுதானதுதான் காரணம். வேகத்தைக் குறைக்கும் ராக்கெட்டைக் கைமுறையாக இயக்க வேண்டியதாயிற்று. திசையைப் பார்க்க இருவரும் இருக்கையை விட்டு நகர்ந்தார்கள். கலம் ஆடாமலிருக்க மறுபடி இருக்கையில் வந்து அமர்ந்தார்கள். அதற்குள் 46 விநாடி கடந்துவிட்டது. விநாடிக்குச் சுமார் 8 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கலத்துக்கு அது பெரிய தாமதம். குறித்த இடத்திலிருந்து 386 கிலோமீட்டர் தள்ளி இறங்கினார்கள்.

காட்டில் இரண்டு இரவுகள்

கதவு ஒரு மரத்தில் முட்டிக்கொண்டு திறக்க மறுத்தது. தள்ளித் தள்ளித் திறந்தார்கள். லியோனோவின் விண்வெளி உடைக்குள் வியர்வை முழங்கால் வரை தேங்கியிருந்தது. உறைபனியில் ஈர உடையோடு இருந்தால் என்ன ஆகும் என்பது இருவருக்கும் தெரியும். எல்லாவற்றையும் கழற்றிப் பிழிந்து மறுபடி உடுத்திக்கொண்டார்கள். கலத்தின் வெப்பமூட்டி வேலை செய்யவில்லை. மோர்ஸ் குறியீட்டில் செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள்.

லியோனோவ் சைபீரியாக்காரர், காடு தெரிந்தவர். ஓநாயும் கரடியும் உலவும் இடம் அது என்பதும், அந்தப் பருவத்தில் அவை மூர்க்கமாக இருக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். கையில் இருந்தது ஒரேயொரு கைத்துப்பாக்கி. அந்த இரவின் அச்சத்தைப் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார்.

ஹெலிகாப்டர் ஒன்று அவர்களைக் கண்டுபிடித்தது. ஆனால் மரங்களுக்கு நடுவே அதனால் இறங்க முடியவில்லை. மேலிருந்து போட்ட உடைகளில் சில கிளைகளிலேயே தங்கிவிட்டன. மறுநாள் பனிச்சறுக்குக் கட்டைகளில் ஒரு குழு வந்து சேர்ந்தது, மரம் வெட்டிச் சிறு குடில் கட்டியது, பெருந்தீ மூட்டியது. இரண்டாவது இரவை அங்கே கழித்துவிட்டு, மார்ச் 21 அன்று சுமார் 9 கிலோமீட்டர் சறுக்கிச் சென்று ஹெலிகாப்டரில் ஏறினார்கள்.

அந்த இரண்டு இரவுகளில் எந்த விலங்கும் அவர்களைத் தாக்கவில்லை. பிழிந்து உடுத்திய துணி, விடாமல் அனுப்பிய செய்தி, மேலிருந்து விழுந்த கம்பளி, மூட்டிய தீ, தேடி வந்த மனிதர்கள் ஆகியவையே அவர்களைக் காப்பாற்றின. இருந்தும், லியோனோவ் காட்டிலிருந்து கொண்டுவந்த கோரிக்கை, வீரர்களுக்கு இன்னும் நல்ல துப்பாக்கி வேண்டும் என்பதுதான்.

துலாவில் பிறந்த ஆயுதம்

அந்தக் கோரிக்கையின் பலன் டிபி-82. துப்பாக்கித் தொழிலுக்குப் பேர்போன ரஷ்ய நகரமான துலாவில் உருவானது. இதில் மூன்று குழல்கள். மேலே இரண்டும் 12.5 மி.மீ. விட்டம் கொண்ட வேட்டைத் துப்பாக்கிக் குழல்கள். சிறு விலங்கு, பறவைகளைச் சுடும் சிதறு குண்டுக்கும், வானில் ஒளிவிடும் சமிக்ஞைக் குண்டுக்கும் ஆனவை. கீழே ஒன்று 5.45 மி.மீ. ரைபிள் குழல், பெரிய விலங்குக்கு. தோளில் ஊன்றும் கட்டையைக் கழற்றி உறையை உருவினால் அது வெட்டரிவாள். கிளை வெட்டலாம், பனியைத் தோண்டலாம். எல்லாம் சேர்ந்து 2.4 கிலோ.

1986 முதல் 2007 வரை இந்தத் துப்பாக்கி சோயுஸ் கலங்களில் பயணித்தது. பன்னாட்டு விண்வெளி நிலையம் வந்த பிறகு, சோயுஸில் பறக்கப் பயிற்சி எடுத்த அமெரிக்க வீரர்களும் இதைச் சுடக் கற்றார்கள்.

கருவியாகப் பார்த்தால் இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சுடுவது, சமிக்ஞை தருவது, வெட்டுவது என்று மூன்று வேலையை ஒரே பொருளில் அடக்கிய அறிவு அதில் இருக்கிறது. காலமும் அதற்கு நியாயம் சேர்க்கிறது. விண்கலம் எங்கே இறங்கியது என்று கண்டுபிடிக்கவே பல மணி நேரம் ஆகும் காலத்தில், காட்டில் மாட்டிக்கொண்டவர் தன்னைத்தானே காத்துக்கொள்ளத்தான் வேண்டும். லியோனோவ் கேட்டது தவறில்லை. ஆனால் ஒரு முறை பெட்டிக்குள் போன பொருள், அதற்கான காரணம் போன பிறகும் அங்கேயே கிடக்கும். அதை எடுத்துப் பார்த்துக் கேள்வி கேட்பதுதான் கடினம்.

தடம் மாறிய கலங்கள்

லியோனோவுக்குப் பிறகும் சோயுஸ் கலங்கள் தடம் மாறி இறங்கியிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஆபத்து எந்த உருவில் வந்தது என்று பார்ப்போம்.

1975 ஏப்ரல் 5. வாசிலி லாசரெவ், ஒலெக் மக்காரோவ் இருவரும் புறப்பட்ட ராக்கெட் நடுவழியில் பழுதானது. அல்தாய் மலையின் பனிச்சரிவில் கலம் விழுந்து உருளத் தொடங்கியது. பாராசூட் சிக்கிக்கொண்டதால் பள்ளத்தில் விழாமல் தப்பியது. மார்பளவு பனி. சீன எல்லைக்குள் விழுந்துவிட்டோமோ என்ற பதற்றம். மறுநாள்தான் மீட்கப்பட்டார்கள்.

1976 அக்டோபர் 16. வியாசெஸ்லாவ் சூதோவ், வலேரி ரோஷ்தெஸ்த்வென்ஸ்கி இருவரும் வந்த சோயுஸ்-23, கஜகஸ்தானின் தெங்கிஸ் ஏரியில் இரவு நேரப் பனிப்புயலில் விழுந்தது. வெளியே மைனஸ் 22 டிகிரி. நீரில் நனைந்த பாராசூட் கலத்தைக் கவிழ்த்தது. கதவைத் திறக்க வழியில்லை. விடிந்த பிறகு ஹெலிகாப்டர் கலத்தைக் கரைக்கு இழுத்து வந்தபோது, உள்ளே இருப்பவர்கள் உயிரோடு இருப்பார்கள் என்று மீட்புக் குழுவே நம்பவில்லை. இருவரும் பிழைத்தார்கள்.

2003 மே 4. கொலம்பியா விண்ணோடம் சிதறி மூன்று மாதமே ஆகியிருந்தது. கென் போவர்சாக்ஸ், டான் பெட்டிட், நிகோலாய் புதாரின் மூவரையும் கொண்டுவந்த சோயுஸ், சுமார் 460 கிலோமீட்டர் முன்னதாகவே புல்வெளியில் இறங்கியது. கலத்திலிருந்து குரலே வரவில்லை. காத்திருந்தவர்களின் நெஞ்சு பதறியது. மூவரும் நலமாகத்தான் இருந்தார்கள்; அதைச் சொல்லத்தான் கருவி இல்லை.

அந்த நாளுக்குப் பிறகு சோயுஸ் பெட்டிக்குள் செயற்கைக்கோள் தொலைபேசியும் ஜிபிஎஸ் கருவியும் வந்தன. 2008 ஏப்ரலில் பெக்கி விட்சன், யூரி மலென்சென்கோ, கொரியாவின் யி சோ-யோன் வந்த கலம் 400 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இறங்கியபோது அந்த ஏற்பாட்டின் அருமை தெரிந்தது. அருகிலிருந்த ஊர்க்காரர்கள் ஓடிவந்து உதவினார்கள். வெளியே வந்த மலென்சென்கோ தொலைபேசியில் தகவல் சொன்னார்.

குளிர், பள்ளம், நீர், மௌனம். இந்த நான்கும்தான் வந்தன. நான்கில் ஒன்றைக்கூட சுட முடியாது. மனித மனம் பல்லும் நகமும் உள்ள ஆபத்தை எளிதாகக் கற்பனை செய்துகொள்கிறது. ஈரத் துணி கொல்லும் என்பதை அவ்வளவு எளிதாக நம்புவதில்லை. அதனால்தான் அச்சம் கைகாட்டும் பக்கம் ஆயுதம் செய்கிறோம், ஆபத்து வேறு வாசல் வழியாக வருகிறது.

கரடி வந்தே விட்டால்?

நியாயமான கேள்வி. விலங்கு உண்மையிலேயே வரும் இடங்கள் இருக்கின்றன. நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில், குடியிருப்பைத் தாண்டிப் போகிறவர்கள் பனிக்கரடியை விரட்டும் சாதனம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. துப்பாக்கியும் எடுத்துச் செல்லுங்கள் என்று ஆளுநர் அலுவலகமே பரிந்துரைக்கிறது. மரமே இல்லாத அந்த நிலத்தில், மனிதனை இரையாகப் பார்க்கக்கூடிய விலங்கு திரிகிறது. அங்கே அந்தப் பரிந்துரையை மறுக்க என்னால் முடியாது.

அதே ஸ்வால்பார்டில் 2011 ஆகஸ்டில் நடந்ததையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பிரிட்டனிலிருந்து வந்த மாணவர் குழுவின் முகாமுக்குள் பனிக்கரடி புகுந்தது. கரடி வந்தால் வெடித்து எச்சரிக்க வேண்டிய கம்பி வேலி வெடிக்கவில்லை. குழுத் தலைவர் ரைபிளை எடுத்துச் சுட முயன்றார். திரும்பத் திரும்ப முயன்றும் குண்டு பாயவில்லை. தோட்டாக்கள் சுடப்படாமலே வெளியே விழுந்தன. அந்த ரைபிளின் பாதுகாப்புத் தாழ் எந்த நிலையில் இருந்தால் சுடும், எந்த நிலையில் சுடாது என்பது கரடி எதிரே நிற்கும்போது யோசிக்கும் விஷயமாக இருக்கக் கூடாது. கீழே கிடந்த தோட்டாவையே எடுத்துப் போட்டு இறுதியில் கரடி சுட்டுக் கொல்லப்பட்டது. அதற்குள் 17 வயது மாணவர் ஒருவர் இறந்துவிட்டார். துப்பாக்கி முகாமில் இருந்தது. தேவையான அந்த நொடியில் அது துப்பாக்கியாக இல்லை.

அலாஸ்கா ஆய்வுகளும் இதையே வேறு வழியில் சொல்கின்றன. டாம் ஸ்மித், ஸ்டீபன் ஹெரேரோ ஆகியோர் அடங்கிய ஆய்வுக் குழு, 1883 முதல் 2009 வரை துப்பாக்கி வைத்திருந்தவர்கள் கரடியை எதிர்கொண்ட 269 சம்பவங்களை ஆராய்ந்து 2012-ல் முடிவுகளை வெளியிட்டது. கைத்துப்பாக்கி 84 சதவீதமும், நீளத் துப்பாக்கி 76 சதவீதமும் பலன் தந்தன. கவனிக்க வேண்டியது அடுத்த முடிவு: துப்பாக்கியைப் பயன்படுத்தியவர்களுக்கும், கையில் இருந்தும் பயன்படுத்தாதவர்களுக்கும் காயம் பட்டதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இதே ஆய்வாளர்கள் 2008-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், மிளகாய்க் காரத்தைப் பீய்ச்சும் கரடி விரட்டி, பழுப்புக் கரடிகளின் விஷயத்தில் 92 சதவீதம் பலித்தது. அதை வைத்திருந்தவர்களில் 98 சதவீதம் பேர் காயமின்றித் தப்பினார்கள். இரண்டு ஆய்வுகளின் சம்பவங்களும் வேறு வேறு என்பதால் எண்ணை எண்ணோடு நேராக ஒப்பிடக் கூடாது. ஆனாலும் பாய்ந்து வரும் விலங்கின் முன் குறிபார்ப்பதைவிட, ஒரு திசையில் பீய்ச்சுவது நடுங்கும் கைக்கு எளிது.

பசிக்குத் தோட்டா உதவுமா?

துப்பாக்கி இருந்தால் வேட்டையாடிச் சாப்பிடலாமே என்பது அடுத்த வாதம். 1992-ல் அலாஸ்கா காட்டுக்குத் தனியாகப் போன கிறிஸ்டோபர் மெக்கேண்ட்லெஸ் என்ற இளைஞரின் கதை உலகறிந்தது. அவரிடம் .22 ரைபிள் இருந்தது. அணில், முள்ளம்பன்றி, பறவைகளைச் சுட்டார். ஜூன் மாதம் ஒரு பெரிய மூஸ் மானையே வீழ்த்தினார். அவ்வளவு இறைச்சியைக் கெடாமல் பதப்படுத்த அவரால் முடியவில்லை, புழு வைத்தது. ஆகஸ்டில் அவர் இறந்தபோது உடல் எலும்பும் தோலுமாக இருந்தது.

அதோடு, மீட்புக்காகக் காத்திருப்பவரைப் பசி கடைசியில்தான் கொல்லும். உயிர்காப்புப் பயிற்சியில் சொல்லிக்கொடுக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு: காற்றில்லாமல் 3 நிமிடம், கடுங்குளிரில் தங்குமிடம் இல்லாமல் 3 மணி நேரம், நீரில்லாமல் 3 நாள், உணவில்லாமல் 3 வாரம். வேட்டையாடத்தான் துப்பாக்கி என்றால், அந்த வரிசையில் அது கடைசி வேலைக்காகக் காத்திருக்கிறது. சோயுஸ் வீரர்கள் ரஷ்யக் குளிர்காலக் காட்டில் இரண்டு இரவு தங்கி எடுக்கும் பயிற்சியில் முதலில் செய்வது, பாராசூட் துணியையும் மரக்கிளைகளையும் கொண்டு கூடாரம் போடுவதும் தீ மூட்டுவதும்தான். அவர்களை இறக்கிய பாராசூட்தான் அவர்களுக்கு வீடு.

மூடிய அறைக்குள் ஆயுதம்

இறங்கிய பிறகு ஒரு நாளைக்குத் தேவைப்படலாம் என்று வைத்த துப்பாக்கி, அதற்கு முன் மாதக்கணக்கில் விண்வெளி நிலையத்தோடு இணைந்து நின்ற கலத்திலேயே இருந்தது. சோயுஸ் அப்போது ஏறக்குறைய ஆறு மாதம் அங்கே காத்திருந்தது. பல நாட்டவர் சேர்ந்து வாழும் மூடிய கூடம் அது. தூக்கக் குறைவு, வேலைப் பளு, குடும்பத்தைப் பிரிந்த ஏக்கம் எல்லாம் அங்கே உண்டு. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் திடமானவர்கள்தான், ஆனாலும் மனிதர்கள். 1967-ல் உருவான விண்வெளி ஒப்பந்தம் பேரழிவு ஆயுதங்களைச் சுற்றுப்பாதையில் வைக்கத் தடை விதிக்கிறது. ஒரு கைத்துப்பாக்கியைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. ஆனால் சட்டம் தடுக்கவில்லை என்பது ஒரு பொருளைத் தூக்கிச் செல்லக் காரணம் ஆகாது. வீட்டில் பூட்டிய அலமாரிக்குள் துப்பாக்கி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் யோசிக்க வேண்டிய அதே கேள்விதான் இது: தேவைப்படும் ஒரு நிமிடத்துக்காக, தேவைப்படாத எத்தனை நாள் அதனோடு வாழப்போகிறோம்?

டிபி-82-இன் முடிவு சத்தமில்லாமல் வந்தது. 2007-ல் அதற்கான தோட்டாக்கள் பழசாகிப் பயன்படுத்த முடியாத நிலைக்கு வந்துவிட்டன என்றும், இனி வழக்கமான கைத்துப்பாக்கிதான் என்றும் செய்தி வந்தது. பிறகு அதுவும் தேய்ந்தது. பெட்டியின் பட்டியலில் துப்பாக்கி இருந்தாலும், ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் கூடிப் பேசி, இந்த முறை வேண்டாம் என்று வாக்களித்து நீக்கிவிடுகிறார்கள் என்று விண்வெளி வரலாற்றாளர் ஜேம்ஸ் ஓபெர்க் 2014-ல் எழுதினார். பட்டியலில் இருப்பதாலேயே ஒன்றைத் தூக்கிச் செல்லாமல், ஒவ்வொரு முறையும் கேட்டு முடிவு செய்வது நல்ல வழக்கம்.

வேறு பட்டியல்கள்

கடலில் இறங்கிய அப்போலோ வீரர்களின் பெட்டியில் துப்பாக்கி இல்லை. வானொலிக் கருவி, விளக்கு, குடிநீர், கடல்நீரை நன்னீராக்கும் பொருள், வெயில் களிம்பு, குளிர்கண்ணாடி, வெட்டரிவாள், காற்றடைத்த படகு ஆகியவை இருந்தன. வெயிலும் தாகமும்தான் அவர்கள் எதிர்பார்த்த எதிரிகள்.

அலாஸ்காவில் சிறு விமானம் ஓட்டுகிறவர்கள் உயிர்காப்புப் பொருட்களோடு துப்பாக்கியும் வைத்திருக்க வேண்டும் என்று ஒரு காலத்தில் மாநிலச் சட்டமே சொன்னது. பின்னாளில் அந்த ஒரு வரி நீக்கப்பட்டது. உணவு, கோடரி, முதலுதவிப் பெட்டி, மீன்பிடி சாதனம், கத்தி, நெருப்பு மூட்டும் பொருள், சமிக்ஞைப் பொருள் ஆகியவை நீடித்தன. கரடிகள் நிறைந்த மாநிலமே எடுத்த முடிவு இது.

பெட்டியில் வைக்கும் முன் கேட்க வேண்டியவை

● போகும் இடத்தில் இதுவரை மனிதர்கள் எதனால் இறந்திருக்கிறார்கள்? குளிரா, நீரா, விலங்கா?

● இந்தப் பொருளை இருட்டில், நடுங்கும் கையோடு, ஈரத்தில் பயன்படுத்தப் பழகியிருக்கிறேனா?

● இதே எடையில் வேறு எதை வைக்கலாம்? ஒரு செயற்கைக்கோள் தொலைபேசி 300 கிராம் கூட இல்லை. டிபி-82-இன் எடைக்கு எட்டு தொலைபேசி வைக்கலாம்.

● இது காலாவதி ஆகுமா? கடைசியாக எப்போது சோதித்துப் பார்த்தேன்?

● தேவைப்படாத நாட்களில் இது யார் கைக்குப் போகும்?

நம் வீரர்கள், நம் கடல்

இந்தக் கேள்வி இப்போது இந்தியாவுக்கும் வந்திருக்கிறது. ககன்யான் பயணத்துக்குத் தேர்வான நால்வரில் ஒருவரான குரூப் கேப்டன் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். நால்வரும் 2020 பிப்ரவரியில் ரஷ்யாவின் பனிக்காட்டில் உயிர்காப்புப் பயிற்சி எடுத்தார்கள். ககன்யான் இறங்கப்போவது கடலில். அங்கே மிதக்கும் படகும், நீரில் நிறம் பரப்பும் சாயமும், இருப்பிடம் சொல்லும் கருவியும்தான் தோழர்கள்.

கடலில் செய்தி சொல்ல வழியில்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை நாம் ஏற்கெனவே பார்த்துவிட்டோம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் தாக்கியபோது, ஆழ்கடலில் இருந்த கன்னியாகுமரி மீனவர்களுக்கு எச்சரிக்கையும் போய்ச் சேரவில்லை. அவர்கள் இருக்கும் இடமும் கரைக்குத் தெரியவில்லை. போனவர்களில் பலர் திரும்பவே இல்லை. ஆபத்து நேர்ந்தால் படகின் இருப்பிடத்தைச் செயற்கைக்கோள் வழியாகச் சொல்லும் கருவியை இஸ்ரோ உருவாக்கியிருக்கிறது. தகவல் கரைக்குச் சேர்ந்துவிட்டது என்று மீனவருக்கே பதில் தரும் மேம்பட்ட வடிவமும் 2024-ல் வந்துவிட்டது. கடலுக்குப் போகும் ஒவ்வொரு படகிலும் முதலில் ஏற வேண்டிய உயிர்காப்புப் பொருள் இதுதான்.

என் தீர்ப்பு இது: பனிக்கரடி திரியும் நிலத்துக்குப் போகிறவர், முறையாகப் பயிற்சி பெற்றவர் என்றால் துப்பாக்கி வைத்துக்கொள்ளட்டும். மற்ற எல்லாப் பெட்டியிலும் அந்த 2.4 கிலோ வேறு பொருட்களுக்கு உரியது. முதல் இடம் செய்தி சொல்லும் கருவிக்கு, இரண்டாவது இடம் உலர்ந்த துணிக்கும் நெருப்புக்கும், மூன்றாவது இடம் குடிநீருக்கு. ககன்யான் பெட்டியை நிரப்பப்போகிறவர்களும், மழைக்காலத்துக்கு வீட்டில் ஒரு பெட்டி தயார் செய்கிறவர்களும், ஆழ்கடலுக்குப் படகு இறக்குகிறவர்களும் இந்த வரிசையிலேயே நிரப்புங்கள்.